எருமப்பட்டியில் நாலாவது பொங்கல்

ஐம்பது வயதுவரை தன் கூட்டம், அதாவது குலவழி, எதுவென்று கேட்டுவைக்காத மடையன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் அதை விசாரித்தபோதுதான் விழித்தேன். அவர்கள் கூட்டம் எதுவென்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் என் வண்டவாளம் வெளியாகிவிடும்.

காடு வெட்டிக் குடியேறிய கருப்பண்ணனின் பேரன் நான். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அப்பாவுக்கும் தெரியாது. குலதெய்வம் இதுதான் என்று நம்பி மூன்று கோயில்களில் பொங்கல் வைத்தேன். மூன்றிலும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் புகை குடித்து வந்து, இங்கே எருமப்பட்டியில் நாலாவது பானையை ஏற்றுகிறேன். பூசாரி தாத்தாவின் பெயரைக் கேட்கிறார்.

"கருப்பண்ணனுங்களா? இங்க மொதக் கெணறு வெட்டினவருங்க. சண்டை போட்டுக்கிட்டு ஊரவிட்டே போயிட்டாரு. இது உங்க கோயில்தானுங்க."

எனக்குக் கண் கலங்குகிறது. மகள் கல்யாணத்தைச் சொல்கிறேன்.

"மாப்பிள்ளை எந்த ஊடுங்க?"

"மோகனூர்ல, ஆத்தோரத்துப் பெரியூடுங்க."

அவர் விறகைக் கீழே வைக்கிறார். "அவங்களும் இந்தக் கோயில் பங்காளிங்கதானுங்க."

பானை பொங்கி வழிகிறது. வீட்டில் மகள், அவர்கள் பெண் கேட்டுப் போன மூன்று மாதமாகச் சிரித்த முகமாக இருக்கிறாள்.

"இவரு வேற கருப்பண்ணனா இருக்கக் கூடாதுங்களா?" என்று கெஞ்சுகிறேன்.

"அண்ணனுக்கா பொண்ணக் குடுப்பீங்க?"