பினாயில் அக்காவும் தம்பி கடை மீனும்

நகராட்சிச் சுகாதார ஆய்வாளரான அந்த அம்மாளைச் சந்தைக்காரர்கள் பினாயில் அக்கா என்பார்கள். காதில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். கெட்டுப்போன மீனையும் இறைச்சியையும் குழியில் புதைக்கும் முன் பினாயில் ஊற்ற வேண்டும்; இல்லையென்றால் யாராவது தோண்டியெடுத்து மறுபடி விற்றுவிடுவார்கள். அதைக் கடைக்காரர் கையாலேயே ஊற்ற வைப்பது இவர் வழக்கம். நல்லதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று பிறகு யாரும் பேச முடியாது. இதை நேர்மை என்று சொல்ல எனக்குத் தயக்கம். நெடுநாள் பழக்கம், அவ்வளவுதான்.

அவருடைய தம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் புதிதாக மீன் கடை வைத்தார். ஒருநாள் குளிர்பெட்டி பழுதாகிப் பகல் முழுக்க நின்றுபோனது. மேலே ஐஸைக் கொட்டி மூடிவிட்டு, மறுநாள் விற்க ஆரம்பித்தார். புகார் போய், அக்காவே வந்து நின்றார். அந்தச் சரக்கு போனால் கடையும் போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அக்கா ஒரு மீனை விரலால் அமுக்கினார். விழுந்த குழி எழவில்லை.

"ஊத்துடா."

"அக்கா, விளையாடாத. மேல இருக்கறதுதான் கொஞ்சம் அப்படி இப்படி."

"ஊத்து."

"இனிமே உனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்கோ."

"சரி. ஊத்து."

தம்பி ஊற்றினார். ஐஸ் தண்ணீர் பால்போல் வெளுத்தது. அக்கா நகரவில்லை. மேலாக ஊற்றிவிட்டு அடிச்சரக்கைக் காப்பாற்றுவது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

"புரட்டிப் போட்டு ஊத்து."

"பொறக்க உனக்கு வேற வீடே கெடைக்கலயா?" என்றபடி தம்பி புரட்டினார்.

கடை சில வாரம் மூடிக் கிடந்தது. தம்பி அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு மாமனாரிடம் தலையைச் சொறிந்து பணம் வாங்கி மறுபடி திறந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பையோடு வரிசையில் நின்றார். தம்பி அவர் பக்கம் பார்க்காமல் கூவினார்:

"வாங்க, வாங்க! கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்காம பினாயில் ஊத்த வெச்சாங்களே, அந்த அக்காவோட தம்பி கடை! நம்பி வாங்குங்க!"

கூட்டம் சிரித்தது.

"என்னைச் சொல்லி விக்காதடா."

"உன்னைச் சொல்லித் தப்பிக்கவும் விடல. விக்கவும் விடமாட்டியா?"

தன் முறை வந்ததும் அக்கா அரைக் கிலோ கேட்டார். தம்பி தாராளமாக அள்ளிப் போட்டார். கூடுதலாக விழுந்ததை அக்கா எடுத்துத் திரும்ப வைத்தார்.

"திமிரு," என்றார் தம்பி.

"சின்னதா வெட்டிக் குடு."