எருமை வயிற்றிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்

பாசம் என்று சொல்லிக்கொண்டே மாட்டைக் கொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. என் பெரியப்பா அதில் ஒருவர். கணியம்பாடியில் அவர் வீட்டில் காதுகுத்து நடந்தது. மீந்த சோற்றை ஒரு கூடை நிறைய அள்ளிப்போய்ப் பசுவின் முன்னால் கொட்டினார். "நம்ம ஊட்டு விசேஷம், அதுவும் துன்னட்டும்" என்றார். தின்றது. மறுநாள் படுத்துவிட்டது. வயிறு உப்பி, அசைபோடுவதும் நின்றுபோனது.

அதன் பாலில்தான் அந்த வீடே ஓடியது. பெரியம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் கற்பூரம் காட்டினாள், வாயால் பெரியப்பாவைத் திட்டினாள்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். பிறகு குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கவிட்டார். குப்பை மாதிரி ஏதோ கிடந்தது. ஒன்றும் அசையவில்லை.

"எல்லாம் செத்துப்போச்சு" என்றார்.

"மாடா?" என்றேன்.

"மாடு இல்ல பாப்பா, மாட்டுக்குள்ள இருக்கிறதுங்க. சோறு புளிச்சு அதுங்கள கொன்னுடுச்சு. அதுங்க இல்லன்னா மலையாட்டம் புல்லு போட்டாலும் இது பட்டினிதான்."

பசுவுக்குப் புகட்ட நல்ல மாட்டின் வயிற்றுச் சாறு நிறைய வேண்டும், அறுத்த மாட்டிலிருந்து சூட்டோடு வந்தாலும் சரி, ஆறிப்போனால் பயனில்லை என்று அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கொட்டகைப் பக்கம் முட்டை ஓட்டைக்கூட அண்டவிடாதவள் பெரியம்மா. "அவளுக்குத் தெரிஞ்சா என்னையும் மாட்டையும் சேத்துத் தொரத்துவா, கஷாயம்னு சொல்லிடு" என்றார் பெரியப்பா. என் வாயையும் பொத்தினார்.

அப்பா தான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் டீ எடுத்து வரும் பெரிய ஃபிளாஸ்கோடு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனார். இறைச்சிக் கூடத்தில் தோல் உரிக்கும் ஒரு பாய் அவருக்கு தோஸ்த். அப்போதுதான் அறுத்த எருமையின் வயிற்றிலிருந்து மென்ற புல்லை அள்ளி, துணியில் போட்டுப் பிழிந்து கொடுத்தார்.

"தோல் கேப்பான், கறி கேப்பான், கொடல் கேப்பான். சாணி ஆவாத சாணிய கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்பா" என்று சிரித்தார்.

லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். பக்கத்து ஸ்கூட்டர்காரர், "பாப்பா, டீ ஒண்ணு ஊத்தேன்" என்றார். நான் ஃபிளாஸ்கை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மா அதிலிருந்து ஒரு சொட்டு வைத்தார். இன்றுவரை அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒன்றுக்கு உடம்பெல்லாம் முடி. ஒன்றுக்குத் தலையில் மட்டும் கொத்தாக. இன்னொன்றுக்கு வால் பக்கம் முள். உருண்டையும் நீளமுமாக, ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். மூளை இல்லை, பல் இல்லை. சிலவற்றின் உள்ளே விழுங்கிய புல்துண்டுகூடத் தெரிந்தது. இவற்றைவிடப் பொடியான கிருமிகளும் அதே சொட்டில் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்றார். மாடு புல் தின்று பால் கொடுக்கிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அரைப் பொய். மாடு மென்று கொடுக்கிறது, அவ்வளவுதான். வேலையெல்லாம் இவை செய்கின்றன. எருமை செத்துவிட்டது, தோல் அன்றைக்கே பதனிட ராணிப்பேட்டை போயிருக்கும். இவை சாகவில்லை, வீடு மாறிக்கொண்டிருந்தன.

பெரியம்மாதான் பசுவின் வாயைத் தூக்கிப் பிடித்தாள். சாறு அவள் முழங்கைவரை வழிந்தது. முகர்ந்தாள். பெரியப்பா வேகமாக, "கஷாயம்" என்றார்.

"இன்னா மூலிகைன்னு கேட்டனா? ஊத்து" என்றாள்.

மறுநாள் காலையில் பசுவின் தாடை மெல்ல அசைந்தது. பெரியப்பா குலுங்கி அழுதார்.

பால் பழையபடி இறங்கிய அன்று பெரியம்மா ஒரு தூக்கு நிறையப் பாலை அப்பாவிடம் நீட்டினாள்.

"அந்தப் பாய்க்குக் குடுத்துட்டு வா."

அப்பா வாங்கிக்கொண்டார். வண்டியில் போகும்போது அவர் காதில், பெரியம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.