தலையணைக்காரரின் ஒரு நிமிஷம்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. இந்த ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தவன், ஸ்ட்ரெச்சர் தள்ளி, ஸ்கேன் அறைக்குள் நானாக ஏறி வந்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை.

முப்பத்தோரு வருஷமாக என் வேலை, நோயாளியை ஸ்கேன் மேஜையில் படுக்க வைப்பது. தலைக்கு அடியில் தலையணை, காதோரம் இரண்டு ஸ்பாஞ்ச். மேலிருந்து விழும் சிவப்பு வெளிச்சக் கோடு மூக்கு நுனியில் நிற்க வேண்டும். நூலளவு விலகினாலும் எனக்குப் பொறுக்காது. காலை ஷிப்டில் எனக்குப் பேரே தலையணைக்காரர்தான்.

“தலையை நேரா வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?” என்பாள் வீட்டுக்காரி.

“உன் தலை ஒண்ணுதான் இன்னும் என் கைக்கு அடங்கல” என்பேன்.

போன வருஷம் கம்ப்யூட்டர் பொண்ணு ஒருத்தி வந்தாள். மூளையில் கட்டி உள்ளவருக்குப் போன மாதம் எடுத்த படத்தையும் இன்று எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருத்தினால்தான், கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று தெரியும். ஒரு படத்தைத் திருப்பி நகர்த்திப் பொருத்த, பழைய புரோகிராமுக்கு அரை மணி நேரம் ஆகும். இவள் எழுதியதற்கு மூன்றே நிமிஷம். தினமும் காலைப் படங்களைப் போட்டுப் பார்த்துக் குதிப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம், என் ஷிப்ட் முடிந்த பிறகு, பெரிய டாக்டர் அவள் புரோகிராமைப் பார்க்க வந்தாராம். அஞ்சு நிமிஷம் தாண்டினால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போது படுத்திருந்தவரின் படம் பொருந்தப் பத்து நிமிஷம் இழுத்தது. அடுத்தது பன்னிரண்டு.

“திங்கட்கிழமை வரைக்கும் டைம்” என்று எழுந்து போய்விட்டாராம்.

மறுநாள் காலை அவள் விறுவிறுவென்று என்னிடம் வந்தாள்.

“ஐயா, காலையில ஆளைப் படுக்க வைக்கிறது யாரு?”

“வேற யாரு? நான்தான்.”

“நீங்கதான் என்னைக் கெடுத்தீங்க!”

எனக்குச் சுருக்கென்றது.

“நீங்க ஒவ்வொரு தடவையும் தலையை ஒரே மாதிரி வைக்கிறீங்க. ரெண்டு படமும் முக்கால்வாசி பொருந்தியே வருது. மதியம் கோணலா வைக்கிறாங்க, புரோகிராம் திணறுது. நான் உங்க படங்களை மட்டும் பாத்துட்டு, எல்லாம் என் சாமர்த்தியம்னு இருந்துட்டேன்.”

“இவ்வளவுதானா? திங்கட்கிழமை மதியமும் நானே வர்றேன். ஜெயிச்சிடலாம்.”

“அது ஏமாத்து வேலை ஐயா. நீங்க லீவு போட்டா?”

“நான் லீவே போட்டதில்லையே!”

அழ வந்தவள் சிரித்துவிட்டாள். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து முதல்படி ஒன்று சேர்த்தாள். இரண்டு படங்களையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, குத்துமதிப்பாக மூக்குக்கு நேரே மூக்கைக் கொண்டுவருவது. சின்னப் படம், சட்டென்று முடிந்துவிடும். பிறகுதான் பெரிய படத்தில் நுணுக்கம்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகாமல் ஓரமாக நின்றேன். மதியம் எடுத்த படங்களில் இருந்ததிலேயே கோணல் தலையாகப் பார்த்துப் பெரிய டாக்டர் எடுத்துக் கொடுத்தார். திரையில் முதல் வரி வந்தது: ‘தலையணை: இரண்டு விநாடி.’ அந்தப் படிக்கு அவள் வைத்த பெயர். மொத்தம் நாலு நிமிஷம்.

“நல்லாருக்கே! அதென்ன தலையணை?” என்றார் டாக்டர்.

அவள் என் பக்கம் கை காட்டினாள்.

வீட்டில் சொன்னேன். “முப்பது வருஷம் பாத்த வேலைய ரெண்டு விநாடியில முடிச்சிருச்சா? அப்ப உங்களுக்கு என்ன வேலை?” என்றாள்.

இன்றைக்கும் மதியப் படத்துக்கு நாலு நிமிஷம், காலைப் படத்துக்கு மூன்று. அந்த ஒரு நிமிஷம் நான்.