சனிக்கிழமை இலை

சனிக்கிழமை எனக்குச் சோறு கிடையாது. மைசூரில் காலேஜில் சேர்ந்து எட்டு மாதம் அப்படித்தான் போயிற்று. ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாளும் ஆறு ஆத்தில், அதாவது ஆறு வீட்டில், எனக்கு இலை போட்டார்கள். ஏழாவது நாள் தெருக்குழாய்த் தண்ணீர்தான். அந்தப் பசியைவிடப் பெரிய கஷ்டம் ஒன்றும் இருந்தது. அது நானே இழுத்துவிட்டுக்கொண்டது. அதிலிருந்து பெருமாள் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்பதை, என் குழந்தைகளே, உங்களுக்கும், சனிக்கிழமை பஜனைக்கு வருகிற மற்றக் குழந்தைகளுக்கும் எழுதி வைக்கிறேன். நான் இன்டர்மீடியட் வரை படித்தவன். அதற்கு மேல் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும்.

என் அப்பா மேல்கோட்டைக் கோயில் மடைப்பள்ளியில் தளிகை, அதாவது பெருமாளுக்குச் சமையல், பண்ணுகிறவர். அவருக்கு முன்னால் அவர் அப்பா. எங்கள் வம்சத்தில் தன் பேரைத் தானே எழுதினவன் நான்தான் முதல். ஹைஸ்கூலில் நல்ல மார்க் வந்ததால் காலேஜில் சம்பளம் கட்ட வேண்டாத இடம் கிடைத்தது. படுக்க ஒரு சத்திரத்தில் மூலையும் கிடைத்தது. சாப்பாட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. அந்த நாளில் மைசூரில் ஏழைப் பிள்ளைகள் வாரச் சாப்பாட்டில் படிப்பார்கள். ஆம் என்றால் எங்கள் பேச்சில் வீடு. திங்கட்கிழமை ஒரு ஆம், செவ்வாய்க்கிழமை இன்னொரு ஆம், இப்படி வாரம் முழுக்க. அந்தந்த நாள் பகலும் ராத்திரியும் அந்த ஆத்துக்காரர்கள் நம்மைத் தங்கள் பிள்ளையோடு உட்கார வைத்துப் போடுவார்கள்.

கிளம்பும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார்.

"நாணு, ஏழு நாளைக்கும் ஆம் பிடி. ஒரு நாளைக்குக் கிடைக்கலேன்னாலும் திரும்பி வந்துடு. பட்டினி கிடந்து ஒண்ணும் படிக்க வேண்டாம். உன் கரண்டி இங்கே இருக்கு."

கரண்டி இருந்தது. எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் திரும்பிப் போகாவிட்டால் எங்கள் மடைப்பள்ளி முறை என் அத்தானுக்குப் போய்விடும். ஒரு வருஷம்தான் தவணை. அந்தக் கெடுவோடுதான் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பிரெஞ்சு ராக்ஸ் ஸ்டேஷனில் மைசூருக்கு ரயில் ஏறினேன்.

ஆனி மாதம். அக்ரஹாரத்தில் வாசல் வாசலாக நின்றேன். பத்து நாளில் ஆறு ஆம் கிடைத்தது. ஏழாவதாக ஒரு பெரிய வீட்டுப் படி ஏறினேன். கூடத்தில் நாலு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்பா என்ன பண்றார்?"

"மேல்கோட்டையிலே, மடைப்பள்ளியிலே..."

"கரண்டி பிடிக்கிற கைக்குப் பேனா எதுக்குடா? தை மாசம் எங்காத்திலே கல்யாணம் இருக்கு. அப்பாவைச் சமையலுக்கு வரச்சொல்லு. அன்னிக்கு உனக்கும் சேர்த்து இலை போட்டுடறேன்."

நாலு பேரும் சிரித்தார்கள். நான் படி இறங்கினேன். அதற்குப் பிறகு யார் வாசலிலும் நிற்கக் கால் வரவில்லை. சத்திரத்துக்கு வந்து அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். ஏழு ஆமும் கிடைத்துவிட்டது, கவலை வேண்டாம் என்று எழுதினேன். அது முதல் பொய்.

இரண்டாவது பொய் அந்த வெள்ளிக்கிழமையே வந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு ஜானகி மாமி ஆத்தில் சாப்பாடு. அவருக்கு என் வயதில் சம்பத்து என்று ஒரு பிள்ளை, எட்டு வயதில் ரங்கு என்று ஒரு பெண். மாமி மோர் விட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"நாளைக்கு எந்த ஆம் நாணு?"

அந்தக் கூடத்துச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. வாய் தானாகச் சொல்லிற்று.

"நாளைக்கு எனக்கு விரதம் மாமி. சனிக்கிழமை சாப்பிடறதில்லேன்னு செல்வப்பிள்ளைக்கு வேண்டிண்டிருக்கேன்."

செல்வப்பிள்ளை எங்கள் ஊர்ப் பெருமாள். உற்சவத்துக்கு எழுந்தருளுகிற மூர்த்தி. அவர் பேரைச் சொல்லித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அடுத்த வாரத்துக்குள் அக்ரஹாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜானகி மாமி சம்பத்துவைப் பிடித்துக்கொண்டார். "பாருடா, உன் வயசுதான். சனிக்கிழமை பூரா ஒரு பருக்கை பல்லிலே படாம காலேஜ் போயிட்டு வரான். நீ என்னடான்னா அடுக்களையிலே அப்பளம் திருடறே." சம்பத்து என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பளத்தை நான்தான் பிடுங்கிக்கொண்ட மாதிரி பார்த்தான்.

குழந்தைகளே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவேன். "ஸ்வாமி, இந்த ஒரு நாளைக்கு ஒரு இலை காட்டும்" என்று கண்ணில் ஜலம் வரச் சேவிப்பேன். சேவித்து முடிந்ததும் பட்டர் என் கையில் பொங்கல் வைப்பார். ஆவி பறக்கும். அக்ரஹாரத்து ஜனம் முழுக்க அங்கேதான் நிற்கும். "எனக்கு விரதம்" என்று பக்கத்தில் இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து குழாயைத் திருகுவேன். மைசூரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கன்னடத்தில் முதலில் கேட்பது, "ஊட்டா ஆயித்தா?" சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். தெரியாதவர் கேட்டால் "ஆயித்து" என்பேன். தெரிந்தவர் கேட்டால் "விரதம்" என்பேன். இரண்டும் பொய்.

காலேஜில் சனிக்கிழமைதான் கணக்குப் பரீட்சை வைப்பார்கள். பலகையில் எழுதியிருப்பது தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஆடும். மற்ற நாளில் முதல் ஐந்து பேரில் இருப்பேன். சனிக்கிழமை மார்க் ஒற்றை இலக்கத்தில் வரும். "உன் மூளைக்குச் சனிக்கிழமை லீவா?" என்று கணக்கு வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டார்.

இப்படியே மாசி மாதம் வந்தது. இரண்டாவது புதன்கிழமை அப்பாவிடமிருந்து கடிதம். கோயில் கணக்கர் எழுதிக் கொடுத்தது. "வருகிற திங்கட்கிழமை நான் மைசூர் வருகிறேன். வைரமுடி உற்சவம் வந்துவிட்டால் நகர முடியாது. என் பிள்ளைக்குச் சோறு போடுகிற ஏழு ஆத்துக்கும் போய் சேவித்துவிட்டு வர வேண்டும். ஆத்துக்கு ஒன்றாக ஏழு பொட்டலம் புளியோதரை கொண்டு வருகிறேன்."

ஏழு பொட்டலம். ஆறு ஆம். கடிதத்தை மடிக்கக் கை வரவில்லை. அப்பா பொய்யைப் பொறுக்கமாட்டார். உடனே ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார். படிப்பு அவ்வளவுதான். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பெருமாளை விடாமல் கேட்டேன். திங்கட்கிழமைக்குள் ஒரு சனிக்கிழமை ஆம் காட்டும் என்று கேட்டேன். யாரிடமாவது வாயைத் திறந்து கேட்டேனா என்றால், இல்லை.

சனிக்கிழமை காலை சம்பத்து சத்திரத்துக்கு ஓடி வந்தான். "அம்மா உன்னை உடனே வரச்சொன்னா."

ரங்குவுக்கு விஷஜுரம். அன்று பதினெட்டாம் நாள். முந்தின நாள் வெள்ளிக்கிழமை எனக்குப் பரிமாறும்போதே மாமி இரண்டு தரம் குழந்தையைப் பார்க்க ஓடினார். குழந்தை அப்படிக் கிடந்தும் என் வெள்ளிக்கிழமையை அவர் விடவில்லை. இப்போது போனால், குழந்தை கண் திறக்காமல் கிடக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். மாமி கையில் பஞ்சபாத்திரமும் துளசியும் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"நாணு, இதைக் கேக்கக்கூடாது. ஆனாலும் கேக்கறேன். இன்னும் ரெண்டு நாள் தாண்டணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். எட்டு மாசமா நீ விரதம் இருந்திருக்கே. அதிலே ஒரே ஒரு சனிக்கிழமைப் பலனை எங்க ரங்குவுக்குத் தாரை வார்த்துக் குடுடா."

ஒரு உத்தரணி தீர்த்தத்தை எடுத்து விட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கை நீட்டினேன். அப்போது ரங்குவின் உதட்டைப் பார்த்தேன். எதை வார்ப்பது? என்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லாததை ஒரு குழந்தையின் உயிருக்குக் கொடுப்பதா?

கை தானாகக் கீழே வந்துவிட்டது. "மாமி, எங்கிட்டே ஒண்ணும் இல்லே" என்றேன். "அது விரதமே இல்லே. சனிக்கிழமைக்கு எனக்கு ஆம் கிடைக்கலே. கேக்க வெட்கமா இருந்தது. பெருமாள் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்."

மாமாவின் விசிறி நின்றது.

"எட்டு மாசமாவா?" என்றார் மாமி.

"ஆமாம்."

"இங்கே நாங்க வடிச்சுக் கொட்டிண்டிருக்கோம். நீ இந்தத் தெருவிலேயே குழாய்த் தண்ணி குடிச்சிண்டு போனியா? மண்டு! மண்டு! வாயைத் திறந்து மாமின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன, மாட்டேன்னா சொல்லுவேன்? உன்னைச் சொல்லிச் சொல்லி இவன் உயிரை வாங்கினேனேடா!"

"இப்பவாவது தெரிஞ்சுதா?" என்றான் சம்பத்து. அந்த நிலைமையிலும் மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே அடுக்களைக்குப் போனார். இலை போடுகிற சத்தம் கேட்டது. "வா, உக்காரு. இன்னியிலேருந்து சனிக்கிழமையும் இங்கேதான்."

சாதத்தில் ஆவி பறந்தது. எட்டு மாதமாக நான் கேட்ட இலை. பெருமாள் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொன்ன அதே நாழிகையில் கொடுத்துவிட்டார். என் பொய்தான் அதுவரை கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. "மாமி, இன்னி ஒருநாள் வேண்டாம். இன்னிக்கு நிஜமாவே இருக்கேன். ரங்குவுக்காக இருக்கேன்."

மாமா வேண்டாம் என்றார். மாமி இலையை எடுத்துவிட்டார். அன்று கோயிலிலும் அந்தக் கூடத்திலுமாக இருந்தேன். தலை சுற்றவில்லை. அது வேறு பசி. சாயங்காலம் விளக்கு ஏற்றினதும் நானே பஞ்சபாத்திரத்தைக் கேட்டு வாங்கித் தாரை வார்த்தேன். "செல்வப்பிள்ளை, இது ஒண்ணுதான் என்கிட்டே உண்டு. இதைக் குழந்தைக்குக் கொடுத்துடும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ரங்குவின் உடம்பு நனைந்திருந்தது. ஜுரம் இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்து சாத்தமுது சாதம், அதாவது ரசம் சாதம், வேண்டும் என்று கேட்டாளாம். டாக்டர் இன்னும் ஒரு வாரம் கஞ்சிதான் என்று சொன்னதற்கு அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாளாம். டாக்டர் மருந்து கொடுத்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை. இறக்கினவர் யார் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அப்பா வந்தார், தலையில் மூங்கில் கூடையோடு. வாழைச் சருகில் கட்டின ஏழு பொட்டலம். ஒவ்வொரு ஆத்திலும் வாசலிலேயே விழுந்து சேவித்தார். பெரிய மனுஷர்கள் பதறிப்போய்த் தூக்கினார்கள். கடைசியாக ஜானகி மாமி ஆம். கூடையில் இரண்டு பொட்டலம் பாக்கி.

"வெள்ளிக்கிழமை ஆம் இதுதானே? சனிக்கிழமை?" என்றார் அப்பா.

"வெள்ளியும் நாங்கதான், சனியும் நாங்கதான்" என்றார் மாமி, என் பக்கம் திரும்பாமல்.

அது பொய்யில்லை. சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். அப்பா சந்தோஷமாக இரண்டு பொட்டலத்தையும் மாமியின் தட்டில் வைத்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அப்பா, சனிக்கிழமை இவா ஆம் ரெண்டு நாளாத்தான். அதுக்கு முன்னாடி எனக்கு ஆம் இல்லே. நான் எழுதினது பொய்."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெரிய வீட்டுப் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்குக் கிளம்பு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி, தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தைத் திரும்ப எடுத்தார்.

"மன்னிக்கணும்மா. இது உங்களுது இல்லே."

சருகைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"உக்காரு. இது அந்தச் சனிக்கிழமைக்கெல்லாம். சாப்பிடு."

உட்கார்ந்தேன். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். அப்பா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு." கொஞ்சம் தைரியம் வந்து கேட்டேன். "அப்பா, நான் ஊருக்கு வரணுமா?"

"எதுக்கு? ஏழு நாளைக்கும் கிடைச்சாச்சே. கரண்டியை உன் அத்தான் பிடிச்சுப்பான். நீ பேனாவைப் பிடி. ஆனா இனிமே எனக்கு எழுதினா நிஜத்தை எழுது. அதுக்குத்தான் எழுதக் கத்துண்டே."

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைக் கணக்குப் பரீட்சைகளில் என்னைத் தாண்டினவன் ஒருவன்தான். அடுத்த வருஷம் இன்டர்மீடியட் பாஸ். செய்தி மேல்கோட்டைக்குப் போனபோது அப்பா மடைப்பள்ளியில் நின்றிருந்தாராம். கரண்டியால் அண்டாவை மூன்று தரம் ஓங்கித் தட்டி, "என் பிள்ளை பாஸ்!" என்று கத்தினாராம். சேவிக்க வந்தவர்கள் உற்சவம் ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று ஓடி வந்தார்களாம். கரண்டி பிடிக்க வேண்டிய கைதான் அதற்குப் பிறகு சர்க்கார் உத்தியோகத்தில் பேனா பிடித்தது. இதையும் அந்தக் கைதான் எழுதுகிறது.

நம்மாத்தில் சனிக்கிழமை ஒரு இலை அதிகமாக விழுவதற்குக் காரணம் இதுதான். படிக்கிற பிள்ளை யாராவது அதில் உட்காருவான். தசராவுக்கு வருகிற உங்கள் ரங்கு அத்தை நடையில் நுழையும்போதே, "நாணு அண்ணா, இன்னிக்கு விரதமா?" என்று கேட்டுச் சிரிப்பதற்கும் இதுதான்.

குழந்தைகளே, உங்களுக்கும் ஒரு சனிக்கிழமை வரும். அப்போது பெருமாளைக் கேளுங்கள். கொடுப்பார், நான் கண்டவன் சொல்கிறேன். அவர் கொடுக்கிறது பக்கத்து ஆத்து மாமி கையால் வரும், அதனால் அவர்களிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். யாராவது "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டால், ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்று சொல்லுங்கள்.