திரும்பிப் போகும் பைப்பை நெரித்தவர்கள்

பெற்றோல் மணம் பிடிக்கும் என்று சொல்கிறவர்களை என் கண்ணில் காட்டக் கூடாது. என் தம்பி அப்படிச் சொல்கிற ஆள். காரின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, புரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்தவன் மாதிரி மூச்சை இழுப்பான். சீ என்று வரும் எனக்கு.

அந்தக் கார் உம்மாவுக்காக வாங்கியது. உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. கிழமையில் இரண்டு தடவை குறிஞ்சிப்பிட்டியிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை டொக்டர் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். தம்பி கட்டாரில் உழைத்த காசில் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கித் தந்தான். ஓட்டுவது நான். ஊரே அவனை வாழ்த்தியது, நானும் வாழ்த்தினேன். அவன் அங்கேயே இருந்திருந்தால் இன்றைக்கும் வாழ்த்திக்கொண்டிருப்பேன்.

வேலை முடிந்து ஊருக்கு வந்தவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் கார் ஓட்டப் பந்தயங்களைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். ஒரு நாள் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் ஒரு டர்போவைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட இரும்பு. அதைக் கொண்டுவந்து வைத்தது எங்கே என்கிறீர்கள்? நாங்கள் சோறு தின்கிற மேசையில், கரியும் எண்ணெயும் வடிய வடிய.

"உம்மாட காருக்கு இது என்னத்துக்குடா?" என்று கேட்டேன்.

"நொரச்சோலைக்கு அங்கால நீட்டு ரோட்டுல பாருங்க ராத்தா, பறக்கும்" என்றான்.

உம்மா பறக்க ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பள்ளத்தில் குலுங்காமல் போனாலே அவருக்குப் போதும்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் உள்ளுக்குள்ளே உருகிப் போகும். காற்றின் அழுத்தம் ஏறும்போது பெற்றோலின் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும், அது இறங்கினால் இதுவும் இறங்க வேண்டும். அதற்கென்று ஒரு நல்ல ரெகுலேட்டரும் பெரிய பம்பும் பூட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தம்பிதான் சொன்னான். என் வயிற்றெரிச்சலே அதுதான். தெரியாமல் செய்திருந்தால் மடையன் என்று விட்டிருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டு, அந்தச் சாமான்கள் வரும்வரைக்கும் என்று சொல்லிச் செய்தான்.

செய்ததற்கு ஆலோசகர்கள் வேறு. பின்னேரமானால் அவனுடைய கூட்டாளிகள் காரைச் சுற்றி நிற்பார்கள். எல்லாரும் மிளகாயும் வெங்காயமும் போடுகிற தோட்டக்காரர்கள். தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் எட்டிப் பாயாவிட்டால், பம்பிலிருந்து கிணற்றுக்கே திரும்பிப் போகிற பைப்பைக் கொஞ்சம் மூடுவார்கள். தண்ணீர் போக்கிடமில்லாமல் எட்டிப் பாயும். காரிலும் எஞ்சின் குடித்து மிஞ்சிய பெற்றோல் தாங்கிக்குத் திரும்பிப் போக ஒரு ஹோஸ் இருக்கிறது.

"இதுவும் அதுதானே மச்சான். திரும்பிப் போறத நெரிச்சுடு, பிரஷர் தானா ஏறும்" என்றான் ஒருத்தன்.

தோட்டத்து ஹோஸ் கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து, அந்த ஹோஸின் கழுத்தில் மாட்டித் திருகினார்கள். அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது. ஆளுக்காள் கை தட்டினார்கள். தண்ணீர் பைப் வெடித்தால் மிளகாய்ப் பாத்தி நனையும். பெற்றோல் பைப் வெடித்தால்? இதை ஒருத்தன் கேட்டிருப்பானா? வளர்ந்த ஆம்பிளைகள்!

நெரித்த ஹோஸுக்கு எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று தெரியுமா? கார் சும்மா நின்று உறுமும்போதும் எஞ்சினுக்குள் பெற்றோல் கொட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் கறுப்புப் புகை. கொடியில் காய்ந்த துணியில் பெற்றோல், ஆசனத்தில் பெற்றோல், என் முக்காட்டில் பெற்றோல். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதே நாற்றம். மெஷினில் கிடந்து எழும்பி வருகிற உம்மாவுக்கு ஏற்கெனவே குமட்டல். போகும்போதும் வரும்போதும் சொப்பிங் பைக்குள் வாந்தி எடுத்தார்.

தம்பியிடம் சத்தம் போட்டேன். "சாமான் வரும் வரைக்கும் ஜன்னலத் தொறந்து வச்சிக்கிட்டுப் போங்களே" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏசாத மகள். புள்ள ஆசப்பட்டுட்டான்" என்றார் உம்மா. அவனைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்கு வெறுப்பாக இருந்தது. வாந்திப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைக்குப் பரிந்து பேசுகிற தாயை என்ன செய்வது?

பிறகு ஒரு காலை உம்மா கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"இண்டக்கி நான் போகல்ல மகள். அந்தக் காருல ஏறுறத விட மவுத்தாகிறது லேசு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெஞ்சினேன், அழுதேன், அவர் அசையவில்லை. இரவாகும்போது காலிரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. தம்பி அன்று பின்னேரம் கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, முள் நல்லாக ஏறுகிறது என்று கூட்டாளிகளுக்குப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் உம்மாவைத் தூக்காத குறையாகக் காரில் ஏற்றினேன். மாம்புரி தாண்டி, ஒரு லொறியை முந்துவதற்குக் காலை அழுத்தினேன். முன்னால் பட்டென்று ஒரு சத்தம். பொனட்டின் இடுக்கால் பெற்றோல் வெள்ளைப் பனிமூட்டம் மாதிரிச் சீறியது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிப்போய் உம்மாவை இழுத்து இறக்கினேன். கீழே ஓடிய பெற்றோலில் அவருடைய சீலைக் கரை தோய்ந்தது. உள்ளே சூடான டர்போவில் பெற்றோல் விழுந்து சுர் சுர் என்றது. நெருப்புப் பிடிக்காமல் விட்டது அல்லாஹ்வின் கிருபை, வேறொன்றுமில்லை.

போன் பண்ணியதும் தம்பி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். வேலியோரம் மணலில் உட்கார்ந்து ஓங்காளித்துக்கொண்டிருந்த உம்மாவைக் கடந்து போய் பொனட்டைத் திறந்தான். குனிந்து பார்த்தான்.

"அல்ஹம்துலில்லாஹ், டர்போவுக்கு ஒண்டுமில்ல" என்றான்.

காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. துப்பினேன்.

அந்த நேரம் புத்தளம் பஸ் வந்தது. நோய் வந்ததிலிருந்து உம்மா பஸ்ஸில் ஏறியதே இல்லை. அவர் என் தோளைப் பிடித்து எழும்பி, தானே கையைக் காட்டி மறித்தார். கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "பெற்றோல் கேன் இருக்கா? ஏத்த ஏலாது" என்றார். "கேன் இல்ல மகன், என் சீலையில ஊத்துண்டது" என்று சொல்லிக்கொண்டே, உம்மா வீங்கிய காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

தம்பி ஓடி வந்தான். "உம்மா, எறங்குங்க. புது ஹோஸ் ஒண்டு போட்டாச் சரி. கொஞ்ச நேரம்தான்."

உம்மா படியிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"நீ அதச் செய்யி வாப்பா. எனக்கு உசிரோட இரிக்க வேணும்."