பங்களா ரயிலுக்கு ஒரு பாரவண்டி

ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன அவசரத்தில் நாயைக்கூட அவிழ்த்துவிடவில்லை. ஆனால் பங்களாவின் பூந்தோட்டத்தில் தான் போட்டிருந்த பொம்மை ரயிலை மட்டும் தார்ப்பாயால் பத்திரமாக மூடிவிட்டுப் போயிருந்தார்.

பொம்மை என்றாலும் அலமாரியில் வைக்கிற சாமான் அல்ல. எஞ்சின் முழங்கால் உயரம். ஒரு சாண் அகலத் தண்டவாளம் ரோஜாப் பாத்திகளைச் சுற்றி, மீன்தொட்டி ஓரமாகத் திரும்பி வரும். ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் நிஜமாகவே நீராவியில் ஓடும்.

பிறகு வந்த ஜப்பான் அதிகாரி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் ரப்பரைப் பற்றிப் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை. மலாயாவில் மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் அப்போது யாருமே ரப்பரைப் பற்றிப் பேசவில்லை, வாங்க ஆளில்லை. நான் ரப்பர்ப் பால் நிறுத்துக் கணக்கெழுதும் சின்னக் கிராணி. பால் இல்லாததால் மரவள்ளிக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். அதிகாரியின் அரைகுறை மலாயைத் தமிழில் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் புண் கழுவ ஸ்பிரிட் கிடையாது. எஞ்சினுக்கு இருந்தது.

ஒருநாள் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். அவருடைய ஊர் ரயில்வண்டி ஒன்று. நடுப்பகுதி தொட்டில் போலத் தாழ்ந்திருக்க, இரண்டு முனையிலும் வரிசையாகச் சக்கரங்கள். மேலே வீடு அளவுக்கு ஓர் இயந்திரம். "பெராட், பெராட்" என்று கையால் எடை காட்டினார். கனமான சரக்கு ஏற்றும் இப்படியொரு வண்டி தன் தோட்டத்து ரயிலுக்கும் வேண்டுமாம்.

தோட்டத்து ஆபீசுக்குத் தலைவரான பெரிய கிராணி, செய்துவிடலாம் என்று இடுப்பு ஒடியக் குனிந்தார். துரையின் தொப்பியை அதற்குள் தன் தலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரருக்குக் குனிவதில் அவருக்கு இணை அந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் வண்டியைச் செய்ய வேண்டியவன், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தோட்டத்துப் பிட்டர்.

சயாமில் ரயில்பாதை போட அப்போது ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் கூலி, அரிசி, துணி என்று சொல்லிக் கேட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வராமல்போனபின் கேட்பதை நிறுத்திவிட்டு லாரியில் ஏற்றினார்கள். யாரை ஏற்றுவது என்று கைகாட்டுபவர் பெரிய கிராணி. அடுத்த லாரிக்குப் பிட்டரைத்தான் காட்டியிருந்தார். அவன் மனைவி அப்போது நிறைமாதம்.

வண்டி முடிகிறவரை அவனைத் தொடக்கூடாது என்றார் அதிகாரி. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"முடியிற வரைக்குமா, கிராணி?" என்று பிட்டர் கேட்டான்.

"முடியிற வரைக்கும்."

அவன் தலையாட்டினான். வேலை அந்த நிமிடமே மெதுவாகிவிட்டது.

ரப்பர் உருளை இயந்திரத்தின் முறிந்த தண்டிலிருந்து பதினாறு சக்கரம் கடையத் தொடங்கினான். ஒரு சக்கரத்தைக் கடைந்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, அரத்தால் தேய்த்து, மறுபடி பார்ப்பான். பெரிய கிராணி அவசரப்படுத்தினால் அவருடைய பஞ்சாங்கத்தையே அவருக்கு ஞாபகப்படுத்துவான். "உலை மூட்டணும்ங்கய்யா. செவ்வாக்கிழமையா இருக்கு, பரவால்லையா?" அவர் பதறிப்போய், புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பார். புதன்கிழமை பார்த்தால் அஷ்டமி. இந்தியாவிலிருந்து கப்பல் நின்றுபோனதால் அவர் புரட்டிக்கொண்டிருந்தது சண்டைக்கு முந்தைய வருஷத்துப் பஞ்சாங்கம். அதில் அமாவாசை போட்டிருந்த இரவில் குனோங் ஜெராய் மலைக்கு மேலே முக்கால் நிலா நின்றது. அதைப் பெரிய கிராணியிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் லாரி வந்தது, போனது. புருஷனை அந்த லாரிக்குப் பறிகொடுத்த ஒருத்தி பட்டறை வாசலில் நின்று, "பொம்மைக்குச் சக்கரம் போடுறவன் கொடுத்து வச்சவன்" என்றாள். பிட்டர் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

சுங்கைப் பட்டாணியிலிருந்து மேலதிகாரி வருகிறார் என்ற செய்திதான் காரியத்தைக் கெடுத்தது. வண்டி அவர் கண்ணில் பட்டால் தனக்குத் துரை வேலையே கிடைக்கும் என்று பெரிய கிராணி நம்பினார். பட்டறையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி முடிந்தது. ஓர் ஆள் நீளம். தூக்க இரண்டு பேர் வேண்டும். அழகாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. பிட்டருக்கு மோசமாகச் செய்யத் தெரியவில்லை.

பாரவண்டிக்குப் பாரம் வேண்டுமே. பெரிய கிராணி தன் வீட்டு ஆட்டுக்கல் குழவியை அனுப்பினார். அரிசியைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகியிருந்ததால் அவர் மனைவி மறுப்புச் சொல்லவில்லை.

மேலதிகாரி நாற்காலியில் அமர்ந்தார். எஞ்சின் புகைந்தது. பெரிய கிராணி வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சூடம் காட்டினார். பிறகு, புது லாரிக்குச் செய்வதுபோலவே, முன்சக்கரத்துக்கு அடியில் வைக்க ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். லாரிச் சக்கரம் பழத்தை நசுக்கும். இந்தச் சக்கரமோ பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பிட்டர் பழத்தைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். பிறகு மிகவும் பணிவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"நல்ல பெருசா பாத்து வைங்கய்யா."

அவரும் பெரிதாகவே பார்த்து வைத்தார். எஞ்சின் இழுத்தது. பாரவண்டி பழத்தின் மேல் ஏறி, ஒரு கணம் யோசித்து, பக்கவாட்டில் சாய்ந்தது. குழவி உருண்டு தண்டவாளத்தை வளைத்துக்கொண்டு மீன்தொட்டிக்குள் போய் விழுந்தது. மேலதிகாரியின் பூட்ஸ் நனைந்தது.

சிரித்தது அவர்தான். எங்கள் அதிகாரி சிரிக்கவில்லை. இது என்ன என்று பழத்தைக் காட்டி என்னைக் கேட்டார். வண்டி நல்லபடியாக ஓடுவதற்காக வைத்தது என்று மலாயில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் பெரிய கிராணியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். தொப்பி ரோஜாச் செடியில் மாட்டிக்கொண்டது. பிறகு பிட்டரையும் அவரையும் சேர்த்துக் காட்டி, "புவாட் லாகி. ஜாத்தோ லாகி, துவா ஓராங் சயாம்" என்றார்.

மறுபடி செய்யுங்கள், மறுபடி விழுந்தால் இரண்டு பேரும் சயாமுக்கு. இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் காலை பெரிய கிராணி வீங்கிய கன்னத்தோடு பட்டறைக்கு வந்தார். முக்காலியில் உட்காரவில்லை. வளைந்த அச்சுகளைப் பிட்டர் அதற்குள் நிமிர்த்தி வைத்திருந்தான். ஓடாத வண்டி விழாது என்பதைப் பெரிய கிராணி இரவோடு இரவாக யோசித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுழற்றிப் பார்த்தார். எல்லாம் வழவழவென்று ஓடின.

வெளியே லாரி வந்து நின்றது. கூலிகள் குடியிருந்த லயத்துப் பக்கம் பெண்கள் அழும் சத்தம் எழுந்தது. பெரிய கிராணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தச் சக்கரம் சரியில்லடா" என்றார். "கழட்டு."

பிட்டர் கழற்றினான்.

"அதையும்."