சொந்தத்தில் கட்டியவள்

"சொந்தத்துல கல்யாணமா?" என்று யாராவது கேட்டாலே அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளுக்கு ஒன்பது வயதில் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. கையில் காலில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள், பல் தேய்த்தால் ரத்தம். திருவாரூரில் காட்டினோம், தஞ்சாவூரில் காட்டினோம். எங்கே போனாலும் சீட்டில் பெயர் எழுதி முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். ஆமாம், என் கணவர் என் அத்தை மகன்தான் என்று சொன்னதும் ஓர் உச்சுக்கொட்டல். படித்தவர்களே இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டே விட்டார். நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், மரபியல் பாடம் வேறு நடத்துகிறேன். பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபோது மேஜையைப் புரட்டிப் போடலாமா என்றிருந்தது.

அதனால் சென்னையில் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது, படிவத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே "இல்லை" என்று எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்தார். நான் முறைத்தேன்.

அங்கிருந்த டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் யாருடையதை வேண்டுமானாலும் ஏற்ற முடியாது. நம் செல்களின் மேல் 'இது நான்' என்று காட்டும் அடையாளங்கள் இருக்கின்றன. அவை ஒத்துப்போகாவிட்டால் புதிதாக வந்த மஜ்ஜை அவள் உடம்பையே அந்நியம் என்று தாக்கும். அந்த அடையாளத்தில் ஒரு பாதி அப்பாவிடமிருந்து, மறுபாதி அம்மாவிடமிருந்து. கூடப்பிறந்தவருக்கு அதே இரண்டு பாதிகளும் அமைய நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றவர்கள் பொதுவாகப் பாதிதான் ஒத்துப்போவார்கள் என்பதால் முதலில் என் மகனை மட்டும் சோதித்தார்கள். ஒத்துப்போகவில்லை. பதினான்கு வயதுப் பையன், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல என் முகத்தைப் பார்க்காமலே நடந்து வந்தான். மஜ்ஜை தரப் பதிவு செய்திருந்த வெளியாட்களிலும் முழுதாக ஒத்தவர் கிடைக்கவில்லை.

அடுத்த முறை போனபோது, பாதி ஒத்துப்போகிறவரிடமிருந்தும் எடுக்கலாம், ஆனால் ஆபத்து கூடுதல் என்றார் டாக்டரம்மா. கோப்பைப் புரட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல அடுத்ததைச் சொன்னார்.

"நீங்க சொந்தத்துல கட்டியிருந்தாலாவது குடும்பத்துக்குள்ளயே தேடிப் பார்த்திருக்கலாம்."

அந்தக் கேள்வியைத் திட்டுவதற்காகத்தானே எல்லாரும் கேட்டார்கள்!

"டாக்டர், நான் பொய் எழுதிட்டேங்க. அவர் என் சொந்த அத்தை மகன்."

இப்போது விழும் வசவு என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ பேனாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி, கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். என் அப்பாவும் என் மாமியாரும் கூடப்பிறந்தவர்கள். தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்த ஒரே பாதி அப்பா வழியாக எனக்கும், மாமியார் வழியாக என் கணவருக்கும் வந்திருக்கலாம். அந்தப் பாதியை மகள் அவரிடம் வாங்கி, என்னிடம் என் இன்னொரு பாதியை வாங்கியிருந்தால் அவளும் நானும் அச்சு அசல் ஒன்று. மாற்றி வாங்கியிருந்தால் அவளும் அப்பாவும் ஒன்று. சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் வரைக்கும் தேடலாம். வருஷா வருஷம் கரும்பலகையில் நான் போடுகிற கட்டம் அது. என் வீட்டுக் கதை அதற்குள் இருப்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. இது பரம்பரையாக வந்த நோய் இல்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டது, எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார் அவர். எத்தனை தடவை வேண்டுமானாலும் பாருங்கள் என்றேன்.

வெளியே வந்து நின்றபடியே ஊருக்குப் போன் போட்டேன். தஞ்சாவூரில் கொடுத்தால் அங்கிருந்து ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் நாங்களும் அன்றிரவே அங்கே கிளம்பினோம். சம்பா நடவு நேரம். அப்படியிருந்தும் நடவு ஆட்களை அப்படியே விட்டுவிட்டு, மறுநாளே ஒரு வேனில் பதினோரு பேர் தஞ்சாவூருக்கு ரத்தம் கொடுக்க வந்து இறங்கினார்கள். சித்தப்பாவின் காலில் சேறுகூடக் காயவில்லை. பேத்திக்குத் தன் மூக்கு, அதனால் தன்னுடையதுதான் சேரும் என்று மாமியார் அடித்துச் சொன்னார். மூக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சித்தப்பா தன் காதைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், கடைசியில் நானும் கணவரும். அவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா அந்த அடையாளங்களை எண்களாகக் குறித்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மகளுடையது ஒன்று, பெயரை மறைத்த இன்னொன்று. நான் விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். முதல் வரி சரி. இரண்டாவது சரி. கடைசி வரியும் சரி. யாருடையது என்று கேட்டேன். அவர் மறைத்திருந்த கையை எடுத்தார். என் பெயர்.

"எப்ப எடுத்துக்கறீங்க? இன்னிக்கே எடுத்துக்குங்க," என்றேன். கணவர் அழுதுகொண்டே சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். ஒரு சின்னப் பையில் சிவப்பாக அது அவளுக்குள் இறங்கியது. தனி அறையில் அவளோடு ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் கணவர் உள்ளே இருந்தார். நானும் மாமியாரும் எதிர்த் தெருவில் அறை எடுத்துத் தங்கினோம். முன்பிருந்த மஜ்ஜையை மருந்து கொடுத்து ஒழித்திருந்ததால் அவள் உடம்பில் வெள்ளையணு ஒன்றுகூட இல்லை. என்னுடையது அங்கே வேர் பிடிக்க வேண்டும். தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், கணவர் போனில் சொல்வார். பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். அதற்கு மறுநாளும் அதே. இரண்டு வாரம் தாண்டியதும் மாமியார் போன் மணி அடித்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் கொஞ்ச நேரம் அடிக்க விட்டுத்தான் எடுப்பேன்.

பதினெட்டாம் நாள் போனை எடுத்தபோது கணவர் குரல் இல்லை. மகள்தான் பேசினாள்.

"அம்மா, இன்னிக்குப் பூஜ்யம் இல்லம்மா."

எவ்வளவு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.